காற்றா, கரண்டா?

பதுளை ரயில் நிலையத்திலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகள் ஜௌபர் முதலாளியின் கராஜில் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை அன்று, அங்கே ஒருவரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? எண்பதாம் ஆண்டு அது. வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு திறந்து மூன்று வருடமாகிறது. கொழும்புக் கடைகளில் ஜப்பான் சரக்கு மலைபோலக் குவிந்து கிடப்பதாகப் பேச்சு. ஆனால் மலையேறிப் பதுளை வரைக்கும் வந்தவை ரேடியோவும் நைலெக்ஸ் சேலையும்தான். காருக்குப் பொலிஷ் போடவென்றே ஒரு மெசின் இருக்கிறதென்று சொன்னால், "போடா, பொய்க்கும் ஒரு அளவு வேணும்" என்று சிரிக்கிற ஊர். அந்த ஊருக்கு ஒன்றல்ல, இரண்டு மெசின் வந்திருந்தது.

எல்லோரையும் விட அதிகம் துள்ளியவன் ரெங்கசாமி. அந்தக் கராஜின் பொலிஷ்காரன் அவன். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று வேலைக்குப் பேர் கொடுக்க மனமில்லாமல் இருபத்தைந்து வயதில் டவுனுக்கு இறங்கி வந்தவன். பதினொரு வருடமாகக் கொம்பவுண்ட் என்கிற பொலிஷ் பசையும் பழைய துணியுமாகக் கார் தேய்க்கிறான். கையால் தேய்க்கிற பொலிஷுக்கு ஈடுண்டா என்று யாராவது பெருமை பேசினால், "அப்ப நீங்க ரெண்டு நாள் தேய்ங்க" என்று துணியை நீட்டிவிடுவான். பேசியவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

மெசினுக்காக அவன் ஏங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவன் வலது தோளுக்குள் இருந்தது. போன வருடம் ஒரு லொறியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ சொடுக்கென்றது. அன்றிலிருந்து கொஞ்சம் பாரம் ஏறினாலும் தோளில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். முதலாளியிடம் மூச்சு விடவில்லை. பொலிஷ்காரனுக்குத் தோள் போய்விட்டதென்றால் அப்புறம் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? தைலத்தைத் தடவிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வருடத்தை ஓட்டிவிட்டான்.

பெட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு ஜௌபர் முதலாளி எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னார். கொழும்பில் வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற கம்பனி ஒன்று பன்னிரண்டு கார்களைப் பதுளையில் நிறுத்தப்போகிறது. பன்னிரண்டையும் மாதாமாதம் பொலிஷ் போட ஓர் இடம் தேடுகிறது. சனிக்கிழமை ஒரு காரை அனுப்பும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மனேஜர் வந்து பார்ப்பார். பிடித்தால் பன்னிரண்டும் இங்கே. பிடிக்காவிட்டால் பண்டாரவளைக்குப் போய்விடும்.

"கையால தேய்ச்சா பன்னெண்டு காரும் முடிய அடுத்த நோன்பு வந்துரும்" என்றார் முதலாளி. "அதுதான் ரெண்டு மெசின வரவழைச்ச. ஒன்டு காத்துல ஓடுற, மத்தது கரண்டுல ஓடுற. ஒரு கெழமைக்கு வெச்சிப் பாக்க விட்டீக்கு. ஒன்ட எடுத்துட்டு மத்தத திருப்பி அனுப்ப வேணும். எது என்டு சொல்ல வேண்டியவன் ரெங்கசாமிதான். புடிக்கப்போறது அவன்ட கைதானே."

பிறகு ரெங்கசாமியைப் பார்த்து, "ஓடர் கெடச்சா மேல ஈக்கிற ரெண்டு ரூமும் ஒனக்கு. பொஞ்சாதியக் கூட்டிட்டு வா. எத்தன காலத்துக்கு வாங்குல படுத்துட்டுக் கெடக்கிற?" என்றார்.

ரெங்கசாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கலியாணமாகி எட்டு வருடம். இராக்கம்மா நமுனுகுலயில் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில். இவன் பதுளையில் கராஜ் வாங்குப் பலகையில். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் புருஷன் பெண்டாட்டி. அவள் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்தான். ஆனால் வெட்டிய பேரை மறுபடி எழுதமாட்டார்கள். வேலையும் போகும், காம்பராவும் போகும். டவுனில் நிச்சயமாக ஒரு கூரை கிடைத்தாலொழிய அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது. இப்போது கூரை தலைக்கு மேலேயே இருந்தது, பச்சைக் கதவும் இரண்டு சன்னலுமாக.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் ரெங்கசாமி என்று முதலாளி சொன்னாரே தவிர, அவர் மனம் ஏற்கனவே காற்று மெசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் அடிப்பதற்காக அவர் வாங்கி வைத்திருந்த, காற்றடைக்கும் கொம்ப்ரஸர்மீது அவருக்கு அப்படியொரு பாசம். "எங்கட குதிர" என்பார். வெள்ளிக்கிழமைகளில் தன் கையாலேயே துடைப்பார். அந்தக் குதிரைக்கு இன்னொரு வண்டி கிடைக்கிறதென்றால் விடுவாரா? மறுபக்கம் அவர் மனைவி ஸைனப்பின் தம்பி புஹாரி. பஸாரில் கரண்ட் சாமான் கடை வைத்திருப்பவன். கரண்டில் ஓடாத எதையும் அவன் மெசின் என்று ஒப்புக்கொள்வதில்லை. மச்சான்மார் இருவரும் தேநீருக்குச் சீனி போடுவதிலேயே ஒத்துப்போகாதவர்கள், இதிலா ஒத்துப்போவார்கள்?

புதன்கிழமை கரண்ட் மெசினுக்கு முறை வந்தது. பரீட்சைக்கு ஒரு பழைய சிவப்பு மொரிஸ் மைனர் டாக்ஸி நின்றது. வெயிலிலும் மழையிலும் காய்ந்து, சிவப்பென்று சொன்னால்தான் தெரியும் என்கிற நிலையில் இருந்தது. மெசினின் மூன்று முனைப் பிளக் கராஜ் சுவரில் இருந்த துளைக்குப் பொருந்தவில்லை. புஹாரிக்கு அது ஒரு பொருட்டா? பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரை மட்டும் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கினான். மூன்றாவது, கரண்டை மண்ணுக்குக் கடத்துகிற வயர், சும்மா தொங்கியது. ரெங்கசாமி வெறுங்காலோடு, காலையில் கழுவிய சிமெந்துத் தரையில் நின்று மெசினைப் பிடித்தான். பிடித்தவன் கை எறும்பு மொய்த்ததுபோல் ஆகி, "ஐயோ புஹாரி நானா, கடிக்குது!" என்று விட்டுவிட்டான்.

"தரை ஈரம். அதுதான் அப்பிடி" என்றான் புஹாரி, கொஞ்சமும் அசராமல். "மரத்துல ஏறி நின்டா கரண்ட் ஒன்டும் செய்யாது. தேயிலப் பெட்டி ஈக்கா?"

தேயிலைப் பெட்டி இல்லாத இடம் ஊவா மாகாணத்தில் உண்டா? சாமான் வைப்பதும் அதில்தான், உட்காருவதும் அதில்தான். ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். ரெங்கசாமி கம்பீரமாக ஏறி நின்றான். பலகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பெட்டி. அதன் விளிம்பு முழுக்கத் தகரம் அடித்திருக்கிறது, உள்ளே ஈயத் தாள் ஒட்டியிருக்கிறது என்பது ஒருவர் மூளையிலும் உறைக்கவில்லை. ரெங்கசாமியின் குதிகால் சரியாகத் தகரத்தில் பட்டது. அவன் ஒரு பக்கம் பறந்தான், பெட்டி ஒரு பக்கம் உருண்டது, மெசின் வயரோடு தொங்கி அணைந்தது. சுவரிலிருந்து தீக்குச்சிகள் உதிர்ந்தன.

விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, தன் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு வாய் திறந்தது. அவர் மச்சானைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. புஹாரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி, சரியான பிளக் கொண்டுவந்து, அந்த மூன்றாவது வயரையும் ஒழுங்காகக் கட்டி, ரெங்கசாமிக்கு ஒரு சோடி றப்பர் செருப்பும் வாங்கிக் கொடுத்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தான்.

இரண்டாம் தடவை மெசின் கடிக்கவில்லை. உறுமியது. ரெங்கசாமி டாக்ஸியின் கதவில் கொம்பவுண்டைத் தடவி, சுழல்கிற கம்பளித் தட்டை மெல்ல வைத்தான். அழுத்தினால் நின்றுபோகும் என்று நினைத்தான், நிற்கவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே வேகம். மேலே படிந்திருந்த சுண்ணாம்பு மாதிரியான படலம் கலைந்து, உள்ளேயிருந்து இரத்தச் சிவப்பு எட்டிப் பார்த்தது. "ஏய்! ஏய்! இங்க பாருங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். அரை நாள் தேய்க்க வேண்டிய கதவு கால் மணியில் கண்ணாடியாகிவிட்டது. டாக்ஸிக்காரர் தன் முகத்தைக் கதவில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார்.

ஆனால் அந்தக் கால் மணிக்குள் ரெங்கசாமியின் தோள் தீப்பிடித்துவிட்டது. நாலு கிலோ பாரம். கதவுக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டபடியே பிடித்திருக்க வேண்டும். மெசினை நிறுத்திவிட்டு, கழிவறைக்குப் போகிறவன் போலப் பின்னால் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். ஒரு கதவுக்கே இப்படியென்றால் பன்னிரண்டு காருக்கு?

வியாழக்கிழமை காற்று மெசின். எடுத்த உடனேயே அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது. கடிக்காது, சூடேறாது, பெயின்டைச் சுடாது. தோள் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளி கொம்ப்ரஸரைத் தட்டிக் கொடுத்து, "பாத்தியா எங்கட குதிரய?" என்றார்.

குதிரை ஓடியது, ஆனால் அரை நிமிடம்தான். தொட்டியிலிருந்த காற்றை மெசின் ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தது. பெயின்ட் அடிக்கிற துப்பாக்கிக்குப் போதுமான கொம்ப்ரஸர் இந்த மெசினுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. காற்றளவைக் காட்டும் முள் மளமளவென்று இறங்கியது. தட்டு சோர்ந்து சுற்றியது. மறுபடி காற்று சேரும்வரை ரெங்கசாமி துணியால் துடைப்பதுபோலப் பாசாங்கு செய்தான். சேர்ந்ததும் ஓட்டினான். இப்படித் துடைத்துத் துடைத்து ஓட்டியதில் டாக்ஸியின் மறுபக்கக் கதவும் பளபளத்தது. எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை முதலாளி கவனிக்கவில்லை. ஆசை வைத்த கண் எதைக் கவனிக்கும்?

அன்று முழுக்க ரெங்கசாமி மதில்மேல் பூனையாக இருந்தான். வேலைக்கு நல்லது கரண்ட் மெசின், அதில் சந்தேகமேயில்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த நாளே அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியவன் அவன்தான். அவனால் முடியாது. 'கரண்ட்' என்று சொல்வதும், 'நான் இந்த வேலைக்கு ஆகமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்' என்று சொல்வதும் ஒன்றுதான். அப்புறம் மேல் ரூம் எங்கே, இராக்கம்மா எங்கே?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த முதலாளி, தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டார். "சொல்லு ரெங்கசாமி. காத்தா, கரண்டா?"

"காத்துதாங்க மொதலாளி" என்றான். "கைக்கு எதமா இருக்கு."

புஹாரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளி கராஜ் முழுவதற்கும் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் ரெங்கசாமியும் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நமுனுகுல பஸ் கண்டக்டரிடம், "எங்க வீட்டுல சொல்லிருங்க அண்ணே, மெசினு வந்துருச்சு, காத்து மெசினு. வேல உறுதி, வீடும் உறுதி" என்று சொல்லி அனுப்பினான். லயத்துக்குத் தபால்காரர் வாரத்துக்கு இருமுறைதான் வருவார். கண்டக்டர் தினமும் போவார். ரெங்கசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் மழையோடு மழையாகக் கம்பனிக் கார் வந்தது. பெரிய கறுப்புப் பெஜோ. கறுப்புக் காரைப் போலக் கள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது வேறெதுவும் இல்லை. ஒரு கோடு விழுந்தாலும் ஊருக்கே தெரியும். ரெங்கசாமி காற்று மெசினோடு இறங்கினான். கூரை, பொனட், பின்மூடி. அரை நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் காத்திருப்பு. கொம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் குமுறிக் குமுறிச் சூடேறிப்போனது. இருட்டுகிற நேரத்தில் மேல்பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. நாலு கதவும் மட்கார்ட்டுகளும் அப்படியே கிடந்தன. "விடிய வந்து முடிச்சிரலாங்க" என்றான். முதலாளியும் சரியென்றார், கொஞ்சம் யோசனையோடு.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டான். ஒரு மட்கார்ட் முடிந்து மற்றதில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்னாங்க, இதுதான் அந்த மெசினா?"

இராக்கம்மா. கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் ஒரு துணி மூட்டை, தோளில் பாயும் தலையணையும். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா புள்ள இது, மூட்ட முடிச்சோட?"

"நீங்கதான சொல்லி அனுப்புனீங்க, வேல உறுதி, வீடு உறுதின்னு? நேத்தே ஆபீசுக்குப் போயிப் பேரு வெட்டிட்டேன். காம்பரா சாவியக் கங்காணிகிட்டக் குடுத்துட்டு மொத பஸ்ஸுல ஏறிட்டேன்."

மனேஜர் இன்னும் காரையே பார்க்கவில்லை என்பது ரெங்கசாமிக்குத்தான் தெரியும். சிரிக்க முயன்றான், வரவில்லை. முதலாளி "வாங்க தங்கச்சி" என்று வரவேற்று, ஸைனப்பிடம் சொல்லித் தேநீர் வரவழைத்தார். இராக்கம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்து, தேநீரைக் குடித்தபடி புருஷனின் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். கண் கொட்டாமல் பார்த்தாள்.

சரியாக எட்டு மணிக்கு மெசின் துப்பியது. காற்றோடு தண்ணீர். நேற்று முழுக்க சூடேறி ஓடிய கொம்ப்ரஸரின் தொட்டியில், மழை நாளின் ஈரமெல்லாம் தண்ணீராகச் சேர்ந்திருந்தது. அது குழாய் வழியாக வந்து கொம்பவுண்டில் கலந்து, மட்கார்ட்டிலும் கறுப்புக் கதவிலும் சாம்பல் நிறச் சேறாக அப்பிக்கொண்டது. முதலாளி ஓடிப்போய்த் தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திறந்தார். பால்போன்ற தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மறுபடி காற்று ஏற்றினார்கள். மறுபடி துப்பியது. மணி எட்டே கால். நாலு கதவு. பத்து மணிக்கு மனேஜர்.

அந்த நேரம் பார்த்துப் புஹாரி வந்தான், திருப்பி அனுப்ப வேண்டிய கரண்ட் மெசின் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறோடு. நிலைமையைப் பார்த்துக் கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"இப்ப என்னடா செய்ற?" முதலாளி ரெங்கசாமி பக்கம் திரும்பினார். "நீதானே சொன்ன காத்து என்டு?"

ரெங்கசாமி இராக்கம்மாவைப் பார்த்தான். எட்டு வருடக் குடித்தனம் மூட்டையாகக் கட்டி வாசலில் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று தோன்றியது.

"மொதலாளி, நான் வெள்ளிக்கிழம பொய் சொன்னேங்க. நல்ல மெசினு கரண்ட் மெசினுதான். மொத நாளே எனக்குத் தெரியும். அது பாரம். என் தோளு போயி ஒரு வருசமாச்சுங்க. அதத் தூக்க என்னால ஏலாது. சொன்னா வேல போயிருமேன்னு பயந்து காத்துன்னு சொல்லிட்டேன்."

முதலாளி கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தார். "ஒரு வருஷம்! ஒரு வருஷமாவாடா ஏன்ட கண்ணுக்கு முன்னால நின்டு நோவ மறைச்சீக்கிற? நான் என்ன மனுஷன் இல்லயா?" என்று கத்தினார். பிறகு சட்டென்று மச்சான் பக்கம் திரும்பி, "நீ என்ன பாத்துட்டு நிக்கிற? பெட்டியப் பிரி!" என்றார்.

புஹாரி பிரித்தான். அவ்வளவு ஆசையாக ஒரு பெட்டியை அவன் வாழ்நாளில் பிரித்திருக்கமாட்டான். ரெங்கசாமி செருப்பை மாட்டிக்கொண்டு, மெசினை எடுத்து, பல்லைக் கடித்து முதல் கதவை முடித்தான். சேறு போய்க் கறுப்பு கிளம்பியது. இரண்டாவது கதவில் பாதியில் கை தானாக இறங்கியது. மெசின் அவன் முழங்காலில் இடித்து, காரில் படாமல் ஒரு விரற்கடையில் தப்பியது. வேர்வையும் கண்ணீருமாக நின்றான். மணி எட்டு ஐம்பது.

"குடுங்க இங்க."

இராக்கம்மா மெசினை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். தேயிலைக் கொழுந்துக் கூடையை எடுத்ததுமே நிறை சொல்கிற கை அது. "நாலு கிலோ இருக்கும். இதுக்கா இந்தப் பாடு? காலையில மொத நெறுவைக்கே பன்னெண்டு கிலோவ முதுகுல வச்சுக்கிட்டு மலை ஏறுறேன் நான்."

"தங்கச்சி, இது வேற ஆக்கள்ட காரு..." என்று முதலாளி இழுத்தார்.

"பிசகுனா என்னையப் பேசுங்க. எனக்குத் திரும்பிப் போறதுக்கு எடம் இல்லங்க."

முதலாளி குனிந்து அவள் காலைப் பார்த்தார். வெறுங்கால். புருஷனின் செருப்பு அவளுக்குப் படகு மாதிரி இருக்கும். தன் காலிலிருந்த றப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளி வைத்தார். அவர் கால் சிறியது. இராக்கம்மா ஒரு கணம் தயங்கினாள். முதலாளிமாரின் செருப்பில் கால் வைத்துப் பழக்கமில்லை. பிறகு போட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்; கொண்டையைத் துணியால் கட்டினாள். ரெங்கசாமி வயரைத் தன் இடது தோளில் போட்டு அவளுக்குப் பின்னால் நின்றான்.

முதலில், இன்னும் கராஜிலேயே நின்ற பழைய டாக்ஸியின் பின்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் பழகவிட்டான். மெசின் அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. "அமுக்காத புள்ள. அதும்பாட்டுக்கு ஓடட்டும். கொழுந்து கிள்ளுறப்ப கை ஒரே எடத்துல நிக்குமா? அதே மாதிரி நகந்துகிட்டே இருக்கணும். நின்னா பெயின்ட் வெந்துரும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். அடுத்த நிமிடம் கை வசப்பட்டுவிட்டது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், தேயிலை நிரை பிடித்து மலை ஏறுகிறவளின் ஒழுங்கு. ஓர் இடம் விடுபடவில்லை, ஓர் இடத்தில் நிற்கவில்லை.

கறுப்புக் காருக்கு மாறினார்கள். இரண்டாவது கதவின் மிச்சம், மூன்றாவது, நாலாவது, மட்கார்ட்டின் சேறு. விளிம்புகளை மட்டும் ரெங்கசாமி இடது கையால் துணிகொண்டு தேய்த்தான். புஹாரி கொம்பவுண்ட் எடுத்துக் கொடுத்தான். முதலாளி வெறுங்காலோடு துடைத்தார். யாரும் யாரையும் வேலை ஏவவில்லை, எல்லோரும் ஓடினார்கள். இராக்கம்மா மட்டும் உரக்கச் சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். "ஐயோ, மொகம் தெரியுது! என் மொகம் தெரியுதுங்க!" என்று மெசின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு மனேஜர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு கடதாசி. காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கூரையைச் சாய்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இடப்பக்கப் பின்கதவுக்கு முன்னால் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். இந்தக் கதவைச் செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

அது இராக்கம்மா செய்த கதவு. பெண்டாட்டிமேல் பழி வரப்போகிறதென்று ரெங்கசாமி முந்திக்கொண்டு, நான்தான் ஐயா என்றான்.

"அவரு இல்லங்க" என்றாள் இராக்கம்மா, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் செஞ்சேன். பிசகு இருந்தா ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க, திரும்பப் போட்டுத் தாறேன்."

புஹாரிதான் அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னான். மனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொம்பவுண்ட் தெறித்த சேலை, ஆம்பிளைச் செருப்பு, கையில் இன்னும் பிடித்திருந்த மெசின். பிறகு நிதானமாகச் சொன்னார். கூரையிலும் பொனட்டிலும் மங்கல் இருக்கிறது. வெயிலில் கொண்டு போனால் தெரியும். ஆனால் இந்தக் கதவில் ஒரு கோடு கிடையாது. பன்னிரண்டு காரும் இந்தக் கதவு மாதிரி இருந்தால் போதும். கூரையையும் பொனட்டையும் இந்த அம்மாவே திரும்பப் போடட்டும். சாயங்காலம் காரை எடுத்துக்கொள்கிறேன், செவ்வாய்க்கிழமை முதல் மற்றக் கார்கள் வரும்.

அவர் வாகனம் திரும்புகிறவரைக்கும் எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். திரும்பியதும் புஹாரி ஒரு குதி குதித்தான். முதலாளி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த இருவரும் ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டதை அந்தக் கராஜ் அன்றுதான் பார்த்தது.

"காத்து மெசினப் பெட்டியில போடு மச்சான்" என்றார் முதலாளி. "நாளைக்கு அனுப்பிருவோம். ரெங்கசாமி, நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தோளக் காட்டு. கொம்பவுண்டும் விளிம்பும் ஒன்ட வேல. மெசின் தங்கச்சிக்கு. இப்ப போய் மேல் ரூமக் கூட்டு."

ரெங்கசாமி தேம்பினான். சந்தோஷம்தான்; ஒரு வருடப் பயம் இறங்கிப்போன சந்தோஷம். அழுதுகொண்டே துணி மூட்டையை இடது கையால் எடுத்துக்கொண்டு பச்சைக் கதவை நோக்கிப் படியேறினான்.

இராக்கம்மாவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. அவள் ஏற்கனவே பொனட் முழுக்கக் கொம்பவுண்டைத் தடவிவிட்டு, மெசினை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"மொதலாளி, அந்த சுவிச்சக் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

ஜௌபர் முதலாளி வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டார்.